தலைகீழாக மாட்டிய ஜீப்புக் கதவு

மூணாற்றிலிருந்து திரும்பி வந்த அந்தச் சிவப்பு ஜீப் முதலாளியின் மேசை மேல் நின்றது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பிளாஸ்டிக் ஜீப். நான்கு சக்கரம், முன் கண்ணாடி, பின்னால் ஒரு ஸ்டெப்னி எல்லாம் ஒழுங்காக இருந்தன. வலப்பக்கக் கதவும் ஒழுங்கு. இடப்பக்கக் கதவு மட்டும் தலைகீழாக மாட்டியிருந்தது. ஜன்னல் கீழே, தகடு மேலே. உள்ளே ஒருவன் உட்கார்ந்திருந்தால் முழங்காலால்தான் வெளியே பார்க்க வேண்டும். கூடவே அந்த ஊர்க் கடைக்காரரின் கடுதாசி: "ஒரு கதவு தலைகீழாத்தான் நிக்கி. பிள்ளைய எல்லாம் அழுதுக்கிட்டே கடைக்கு வருதுக. என்னன்னு பாத்துச் சொல்லுங்க." சிரிக்க வேண்டிய பொருள்தான். முதலாளி, மிஷினும் அச்சும் பார்க்கிற பிட்டர், நான் என்று சுற்றி நின்ற மூன்று பேரில் ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

கோபாலபுரம் செக்போஸ்டுக்குக் கேரளப் பக்கம், ரோட்டோரத்தில் ஓடு போட்ட நீள ஷெட்டு அது. எழுபதுகளின் நடுவில் நான் அங்கே பேக்கிங் வேலையில் இருந்தேன். முதலாளி எங்கள் ஊர்க்காரர்; தென்னந்தோப்பும் கடலைக்காடும் உள்ள குடும்பம். மனுசன் பண்ணையத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கக் கூடாதா? கையால் அழுத்துகிற மோல்டிங் மிஷின் மூன்றை வாங்கிப் போட்டு சோப்பு டப்பா, சீப்பு என்று ஆரம்பித்தார். பிறகு ஆசை முற்றி இந்த ஜீப். பாகம் பாகமாகப் பெட்டியில் இருக்கும். வாங்குகிறவர்கள் வீட்டில் பசை போட்டு ஒட்டி வண்டியாக்கிக்கொள்ள வேண்டும். பொள்ளாச்சியிலும் பாலக்காட்டிலும் அது ஓடவில்லை. "வாங்கறதும் நாங்க, வேலை செய்யறதும் நாங்களா? முழு வண்டியாக் குடுங்க" என்றார்கள் கடைக்காரர்கள். நிறுத்திவிட்டு அச்சுகளைச் சாக்கில் கட்டி மூலையில் போட்டார். இரண்டு வருடம் கழித்து மூணாற்றுக் கடைக்காரர் ஒருவர், எஸ்டேட் ரோட்டில் நாள் முழுக்க ஜீப்பைப் பார்க்கிற பிள்ளைகள் அந்தப் பெட்டியைத்தான் கேட்கிறார்கள், இருந்தால் அனுப்புங்கள் என்று எழுதினார். முதலாளிக்குக் கால் தரையில் பாவவில்லை. மறுபடியும் போட்டே தீருவேன் என்றார்.

அச்சுகளைத் தேற்றியது பிட்டர். அவர் பொள்ளாச்சிக்காரர், தினமும் செக்போஸ்ட் தாண்டி பஸ்ஸில் வருவார். மில்லில் வேலை போய் வெகுநாள் வீட்டில் இருந்தவர், எங்கள் ஷெட்டுக்கு வந்த பிறகுதான் மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். துருப்பிடித்துக் கிடந்த அச்சுகளை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். கை சுத்தம், வாய்தான் திறக்காது. சொன்னதைச் செய்வார், சொன்னது என்ன என்று இன்னொரு தடவை கேட்கமாட்டார். கேட்டால் குடியா முழுகிப் போகும்? முதலாளியோ அதற்கு மேலே. எதையும் ஒரு தடவைக்கு மேல் சொல்லமாட்டார். படித்ததெல்லாம் பாலக்காட்டில் மலையாளத்தில். வீட்டில் பேசுவது எங்கள் தமிழ். வேலை என்று வந்துவிட்டால் இரண்டையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டிவிடுவார். இந்த இரண்டு பேருக்கும் நடுவில் நான்.

இடப்பக்கக் கதவின் அச்சுக்குள் தனியாக ஒரு சின்ன இரும்புத் துண்டு உண்டு. கதவை வண்டியில் மாட்டுகிற இரண்டு முளைகளும் அதிலிருந்துதான் உருவாகும். அந்தத் துண்டு ஒரு பக்கம் தேய்ந்திருந்தது. முதலாளி அதைப் பார்த்துவிட்டு, பாலக்காட்டு பஸ்ஸுக்கு ஓடுகிற ஓட்டத்தில் என்னிடம் சொன்னார்: "அந்தத் துண்டை மாத்தி வெக்கச் சொல்லம்மிணி." நான் போய் அப்படியே சொன்னேன். இங்கேதான் சனி பிடித்தது. மலையாளத்தில் மாற்றி வைப்பது என்றால் எடுத்து ஓரமாக வைப்பது. முதலாளி சொன்னது அதுதான். புதுத் துண்டு வரும்வரை கதவைத் தொட வேண்டாம் என்று. பொள்ளாச்சிக்காரருக்கு மாத்தி வைப்பது என்றால் திருப்பிப் போடுவது. ஒரு பக்கம் தேய்ந்த துண்டை மறுபக்கம் திருப்பிப் போடு என்றால் அதில் நியாயமும் இருக்கிறதே! திருப்பிப் போட்டார். முளை இரண்டும் கதவின் எதிர் ஓரத்துக்குப் போய்விட்டன; கதவைத் தலைகீழாகப் பிடித்தால்தான் இனி அவை வண்டியில் மாட்டும். நான் மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவள், இரண்டு அர்த்தமும் தெரிந்தவள். "எடுத்து ஓரமா வெச்சிருங்கண்ணா" என்று சொல்லியிருக்கலாம். வந்த சொல்லை வந்தபடியே கொண்டுபோய்ப் போட்டேன்.

அதையாவது விடலாம். ஒவ்வொரு தடவையும் பெட்டி கட்டுவதற்கு முன் ஒரு வண்டியை முழுசாக ஒட்டிப் பார்ப்பது என் வேலை. புது வண்டி என்றால் பார்த்திருப்பேன். இது ஏற்கெனவே போட்ட வண்டிதானே, இதில் பார்க்க என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டேன். அந்தப் பசை நாற்றமும் எனக்கு ஆகாது. முதலாளி புதுத் துண்டுக்காகப் பாலக்காட்டில் அலைந்த நாட்களில் மூணாற்றுக்குப் போன அத்தனை பெட்டியும் என் கையால் கட்டியவை.

மேசை மேல் ஜீப் நின்றது என்றேனே, அன்றைக்கு நடந்த கூத்தைக் கேளுங்கள்.

"மாத்தி வெக்கச் சொன்னா மாத்தி வெக்கோணுமல்ல?" என்றார் முதலாளி.

"மாத்தித்தானுங்க வெச்சேன்."

"எங்கய்யா மாத்தி வெச்சே? துண்டு அச்சுக்குள்ளயே இருக்குது!"

"அச்சுக்குள்ளதானுங்க மாத்தி வெக்க முடியும்?"

இப்படியே கால்மணி நேரம். ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். கடைசியில் முதலாளிக்குத்தான் எங்கோ உறைத்தது. "மாத்தி... ஓ..." என்று இழுத்தார். முகம் இளகிற்று. இன்னும் ஒரு நிமிடம் விட்டிருந்தால் சிரித்திருப்பார், காரியமும் அதோடு முடிந்திருக்கும். அப்போதுதான் என் பக்கம் திரும்பினார். "ஏனம்மிணி, பெட்டி கட்டறதுக்கு முன்னால நீ ஒண்ண ஒட்டிப் பாத்தியல்ல?"

இல்லை என்று சொன்னால் வேலை போகும். வேலை போனால் அடுத்த முகூர்த்தத்திலேயே என்னை எவன் தலையிலாவது கட்டிவைக்க அப்பா தயாராக இருந்தார். "பாத்தனுங்க" என்றேன். அதோடு நிறுத்தினேனா, பாவி? "கதவு சரியாத்தானுங்க இருந்துச்சு" என்றும் சேர்த்துச் சொன்னேன்.

முதலாளியின் முகம் மறுபடி இறுகிவிட்டது. நான் பார்த்தபோது சரியாக இருந்தது என்றால், அதற்குப் பிறகு பிட்டர் வேண்டுமென்றே அச்சில் கை வைத்திருக்கிறார் என்றுதானே ஆகிறது? சொல் புரியாமல் செய்த தப்பைப் பொறுத்துக்கொள்கிறவர், இதைப் பொறுக்கவில்லை. நாளையிலிருந்து வரவேண்டாம் என்றுவிட்டார். பிட்டர் வாதாடவே இல்லை. எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருவது அதில்தான். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா அந்த மனுசன்? துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போகும்போது மட்டும் நின்றார். "பசை டப்பா இன்னும் மூடியே திறக்கலீங்கம்மிணி" என்றார். முதலாளி காதில் விழாத குரலில்தான் சொன்னார். அப்புறம் பொள்ளாச்சி பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார். அவரை நான் பிறகு பார்க்கவில்லை. அடுத்த வருடம் எனக்குக் கல்யாணமும் ஆகிவிட்டது. எதைக் காப்பாற்றிக்கொள்ளப் பொய் சொன்னேனோ அதுவும் போயிற்று.

போன வாரம் கோயம்புத்தூரிலிருந்து ஒரு தம்பி போன் செய்தான். நின்றுபோன பழைய பொம்மைப் பெட்டிகளைத் தேடிப்பிடித்து மறுபடி போடுவதுதான் அவன் தொழிலாம். முதலாளியின் பேரனிடம் என் நம்பரை வாங்கியிருக்கிறான். எங்கள் ஜீப்பைப் போடப் போகிறான், அதுவும் தலைகீழ்க் கதவோடு! அந்தக் கோணல் வண்டிக்குத்தான் மவுசாம். பெட்டிக்குள் ஒரு தாளில் அதன் கதையையும் அச்சடிக்கிறான். பேரன் சொன்னதாம்: முதலாளி மேல் இருந்த கடுப்பில் ஒரு பிட்டர் வேண்டுமென்றே கதவைத் திருப்பிவிட்டுப் போன கதை. படித்துக் காட்டிவிட்டு, "எப்படி ஆன்ட்டி?" என்று வேறு கேட்கிறான்.

"தம்பி, அவரு அப்படிச் செய்யல. ஒட்டிப் பாக்காமயே பாத்தேன்னு பொய் சொன்னது நான். அதைப் போடு. என் பேரையும் போடு" என்றேன். கட்டிய புருசனிடம்கூடச் சொல்லாத விஷயம் அது. அதற்கு அவன் சொல்கிறான்: "அதெல்லாம் எதுக்குங்க ஆன்ட்டி, பிட்டர் கதைதான் கேக்க நல்லா இருக்குது."

நல்லா இருக்கிறதாம்! இவனைத் திட்டி என்ன செய்ய? இந்தக் கதையை அவனா கட்டினான்? நாலு நாளாகக் கூப்பிடுகிறேன், எடுக்கமாட்டேன் என்கிறான். தாள் திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது என்று சொல்லியிருந்தான். இந்த வயதில் உனக்கு எதற்கம்மா இந்த வேலை என்கிறான் என் மகன். நாளைக்குக் காலை முதல் பஸ்ஸுக்கே கோயம்புத்தூர் கிளம்புகிறேன்.