மூன்று துண்டு அவித்த கறி

எங்கள் பக்கத்து ஆம்பளைகளுக்கு ஒரு பண்டம் கருத்திருந்தால்தான் அது சாப்பாடு. தோசை முறுகலாக வேண்டும். ஆட்டுக்கறி சுக்காவாக எண்ணெயில் சுருண்டு சட்டியில் ஒட்ட வேண்டும், ஒட்டியதைச் சோறு போட்டுப் பிரட்டித் தின்ன வேண்டும். அந்தச் சட்டிச் சோற்றுக்கு நடக்கிற அடிபிடியை நான் சொத்துத் தகராறில்கூடப் பார்த்ததில்லை. இட்லி ஒன்றுதான் வெள்ளையாக இருந்தும் பிழைத்து வந்தது. இப்போது அதையும் பொரித்துப் பொடி தூவித் தருகிறார்கள்.

என் அண்ணனும் அந்த ரகம்தான். பேரையூர் பக்கம் பருத்தி விவசாயம், ஒரு டிராக்டர், கஞ்சி போட்ட வேட்டி, நாள்பட்ட சர்க்கரை நோய். "கறியில ஏதுத்தா சர்க்கர?" என்பது அவருடைய கண்டுபிடிப்பு. மாத்திரையை மறப்பார், சுக்காவை மறக்க மாட்டார். சிறுநீரில் புரதம் போகிறது என்று தெரிந்ததும் மதுரையில் ஒரு மருத்துவமனைக்கு நான்தான் அவரைக் கூட்டிப் போனேன்.

அங்கே உணவு ஆலோசனை சொல்கிற பெண் பொறுமையாக விளக்கினார். சர்க்கரை போய்ப் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு சில பொருள்கள் உருவாகின்றன, சுருக்கமாக ஏஜிஇ என்பார்கள். சர்க்கரை நோயாளியின் உடம்பு அதைத் தானாகவே நிறையச் செய்யும். போதாததற்கு வறுத்து, சுட்டு, பொரித்துச் சிவந்த உணவிலும், அதிலும் கறியில், அது ஏராளம். ரத்தக் குழாயையும் சிறுநீரகத்தையும் அது கெடுக்கக்கூடும், அதை வெளியே தள்ள வேண்டியதும் அதே சிறுநீரகம்தான். ஆகவே கறியைக் குறையுங்கள், சாப்பிடுவதையும் எலுமிச்சை பிழிந்து ஊறவைத்துத் தண்ணீரில் அவித்துச் சாப்பிடுங்கள் என்றார். நான் கல்லூரி வேதியியல் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்ப்பவள், எனக்கு விளங்கியது. அண்ணன் அவர் கொடுத்த தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். அதற்குப் பிறகு அதை யாரும் பார்க்கவில்லை.

அடுத்த மாதம் நாகமலை புதுக்கோட்டையில் என் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் சீர் தட்டுத் தட்டாக, வேட்டுச் சத்தத்தோடு வேனில் வந்து இறங்கியது. பிள்ளையை மடியில் வைத்துக் காது குத்தி முடிந்ததும் முதல் பந்தி அண்ணனுக்கும் அவரோடு வந்தவர்களுக்கும். ஊருக்கெல்லாம் சுக்கா. அவருக்கு மட்டும் நான் தனியாக அவித்து வைத்திருந்தேன். சின்ன வெங்காயம், மிளகு, எலுமிச்சை, மூன்று துண்டு கறி. அவர் உடம்பு தேற வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு எண்ணமில்லை.

தன் இலையைப் பார்த்தார். பக்கத்து இலைகளைப் பார்த்தார்.

"இது யாருக்குத்தா? பிள்ள பெத்தவளுக்கா?"

"ஒங்களுக்குத்தாண்ணே. ஆசுபத்திரில சொன்னாகல்ல."

இலையை மூடிவிட்டு எழுந்தார். அவர் எழுந்ததும் கூட வந்த அத்தனை பேரும் எழுந்தார்கள், வாயில் போட்ட சுக்காவை மென்றுகொண்டே. மனுசனுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்ல அந்த வரிசையில் ஒருத்தருக்கும் வாய் வரவில்லை. சபையில் மூன்று துண்டு வைத்துத் தாய்மாமனை அசிங்கப்படுத்திவிட்டேன் என்பதுதான் பேச்சு. சிறுநீரகம் யார் கண்ணுக்குத் தெரிகிறது? இலைதான் தெரியும். என் வீட்டுக்காரர் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். தாய்மாமன் சாப்பிடாமல் போனால் பிள்ளைக்கு ஆகாது என்று மாமியார் என்னைப் பிடித்துத் தள்ளினார்.

நானும் போனேன். படித்த சனியன், போனேன். வீட்டு ஆட்களுக்கென்று அடுப்படியில் வறுத்து வைத்திருந்த சுக்காச் சட்டியை எடுத்து, அதில் சோற்றைக் கொட்டி, புறப்பட்ட வேனுக்குப் பின்னால் ஓடினேன். பட்டுச்சேலையெல்லாம் மசாலா. வேன் நின்றது. மன்னித்துவிடுங்கள் என்றேன். அவர் இறங்கவே இல்லை. சட்டியை மடியில் வாங்கி, அடியில் கருகிக் கிடந்ததை நகத்தால் சுரண்டிச் சுரண்டித் தின்றார். சுற்றி நின்றவர்கள் முகத்தில் அவ்வளவு நிம்மதி.

ஒரு சட்டிச் சோற்றால் யாருக்கும் சிறுநீரகம் போய்விடாது. அது எனக்குத் தெரியும். ஆனால் அன்றைக்குப் பிறகு அவர் சாப்பாட்டைப் பற்றி வாய் திறக்கிற தகுதி எனக்குப் போய்விட்டது. எந்த வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தாலும் நான் ஓடி வந்த கதையைச் சொல்லியே இன்னொரு கரண்டி வாங்கினார்.

நாலைந்து வருசம் ஓடிவிட்டது. இப்போது அவருக்கு வாரம் இரண்டு தடவை டயாலிசிஸ். போன செவ்வாய்க்கிழமை நான் துணைக்குப் போயிருந்தேன். கையில் ஊசி, குழாயில் ரத்தம் ஓடுகிறது, பக்கத்துப் படுக்கைக்காரரிடம் பெருமை பேசிக்கொண்டிருக்கிறார்.

"எந்தங்கச்சி, கறிச்சட்டியத் தூக்கிக்கிட்டு வேனுக்குப் பின்னாடியே ஓடி வந்துச்சுண்ணே. அம்புட்டு மரியாத."

அந்த ஆள் என்னைப் பார்த்துக் கைகூப்பினார். அண்ணன் மேல் வந்த எரிச்சலைவிட என் மேல் வந்த அருவருப்புதான் அதிகம்.

டயாலிசிஸில் புரதமும் வெளியே போய்விடுவதால், அது தொடங்கிய பிறகு கறி கொஞ்சம் அதிகமாகவே சாப்பிடலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். டிபன் பாக்ஸைத் திறந்து கொடுத்தேன். ஐந்து துண்டு, வெள்ளையாக அவித்தது. ஐந்தையும் தின்றார். எலும்பை உறிஞ்சி மூடியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இன்னம் இருக்காத்தா?"