பெனிட்டோ சாமி திறந்துவிட்ட கிணறு

எங்கள் ஊர் கபிமாஸில் கம்பெனி தோண்டிய எண்ணெய்க் கிணறு வெடித்து நாள்கணக்கில் கருமழை கொட்டியதே, அதை நிறுத்தியது எங்கள் மீனவன் கசிமிரோவின் மேளம்தான். கம்பெனிக்காரன் ஆயிரம் காரணம் சொல்லட்டும். பெனிட்டோ சாமியின் சிலையை ரம்மில் குளிப்பாட்டி, ஊரையே ஆடவைத்து அவன் அடித்த அடியில் கிணறு வாயை மூடிக்கொண்டது. அதற்குப் பிறகு கசிமிரோவின் கால் தரையில் நிற்கவில்லை.

கம்பெனி தோண்டிய அடுத்த கிணறோ மாதக்கணக்கில் வறண்டே கிடந்தது. கடைசியில் என்ஜினீயர் துரையே ரம் பாட்டில்களோடு வந்து நின்றார்.

"கசிமிரோ, மூட வச்ச சாமிகிட்டயே இதைத் தொறக்கச் சொல்லேன்யா!"

"அப்படி வாங்க துரை வழிக்கு!"

ரம்மில் பாதி சாமிக்கு, பாதி கசிமிரோவுக்கு. மேளம் ஏற ஏற, துரையே தொப்பியை வீசிவிட்டு ஆடினார். திடீரென்று பூமி குமுறியது; குழாய் பீய்ச்சி அடித்தது. தண்ணீர்! பளிங்கு போன்ற நல்ல தண்ணீர்! பெண்கள் கூச்சலிட்டுக்கொண்டு குடத்தோடு ஓடிவந்தார்கள்.

"அடப்பாவி, நான் எண்ணெயைத்தானே கேட்டேன்!" என்று துரை தலையில் கைவைத்தார்.

கசிமிரோ சொட்டச் சொட்ட நனைந்தபடி சிரித்தான்.

"நீங்க தொறக்கத்தானே சொன்னீங்க துரை? என்ன வரணும்னு வேண்டிக்கிட்டது நாங்க. உங்க எண்ணெய் மழையில எங்க குடிதண்ணிக் கிணறெல்லாம் நாறிக் கெடக்குல்ல!"