தோணிக்காரர் வீடுகளில் ஹில்டா டீச்சர் கேட்ட கேள்வி

ஹில்டா டீச்சரை ஒன்றை நம்ப வைப்பது கல்லில் நார் உரிக்கிற காரியம். காய்கறிக் கடையில், "கத்தரிக்காயில பூச்சியே கிடையாது டீச்சர்" என்று கடைக்காரர் சொன்னால், "எத்தனை காயை வெட்டிப் பாத்துட்டுச் சொல்லுதிய அண்ணாச்சி?" என்பாள். அவர் ரோஷப்பட்டு ஒரு காயை வெட்டிக் காட்டினால் அதற்கும் மசிய மாட்டாள். "இது நீங்க பாத்துப் பொறுக்குனது. கண்ண மூடிக்கிட்டு ஒண்ணு எடுங்க, பாப்போம்." அந்த நேரத்தில் கணவர் தேவதாசன் மூன்று கடை தள்ளிப் போய், யார் வீட்டுப் பெண்ணோ என்ற முகத்துடன் வெங்காயத்துக்கு விலை கேட்டுக்கொண்டிருப்பார்.

தொழில்தான் அவளை இப்படி ஆக்கியது. சாத்தான்குளம் பக்கத்து மிஷன் பள்ளி வாத்தியார் மகள். கல்யாணமாகி முத்தையாபுரத்துக்கு வந்து, தூத்துக்குடியில் ஒரு பெண்கள் கல்லூரியில் உளவியல் பாடம் எடுக்கிறாள். அதிலும் 'ஆய்வு முறைகள்' என்கிற தாள். கனவுக்குப் பலன் சொல்வார்கள், காதலுக்குக் காரணம் சொல்வார்கள் என்று ஆசையோடு உளவியலில் சேரும் பிள்ளைகள் இந்தத் தாளில் வந்துதான் கண்ணைக் கசக்கும். மனுஷர் சொல்கிற பதிலை வைத்து மனசை அளக்க முடியுமா, அளந்த அளவு சரிதானா என்று வருஷம் முழுக்கக் கேட்டால் யாருக்குத்தான் சலிக்காது? ஹில்டாவுக்குச் சலிக்காது. "நூறு கிராம் குறைச்சுக் காட்டுத தராசுல பத்து தடவ நிறுத்தாலும் நூறு கிராம் குறைச்சுத்தான் காட்டும். மாறாமக் காட்டுதுங்கதுக்காக அது நல்ல தராசு ஆயிருமா?" என்று ஆண்டுதோறும் அதே உற்சாகத்தோடு கேட்பாள்.

அவளுக்கு இருந்த ஒரே குறை முனைவர் பட்டம். துறையில் எல்லாரும் வாங்கியாயிற்று. அவளிடம் படித்துவிட்டு அவளுக்கு அப்புறம் வேலைக்குச் சேர்ந்த பெண்கூட வாங்கிவிட்டாள். அலுவலக உதவியாளர் மற்றவர்களை "டாக்டர் மேடம்" என்று கூப்பிட்டுவிட்டு இவளை வெறும் "மேடம்" என்பார். அந்த வெறுமை காதில் போய்க் குத்தும். வேலைக்கு நடுவே பகுதிநேரமாகப் பதிவுசெய்து, இரண்டு முறை கெடு நீட்டியாகிவிட்டது. இனி நீட்ட மாட்டார்கள். இந்தத் தடவை கோட்டைவிட்டால் பட்டம் என்ற பேச்சே கிடையாது என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

அவள் எடுத்த பொருள் தோணிக்காரர்களின் மனைவிமார். பழைய துறைமுகத்திலிருந்து காய்கறியும் கல்லும் சிமெண்டும் ஏற்றிக்கொண்டு தோணிகள் மாலத்தீவுக்குப் போகும். நடுக்கடலில் செல்போன் பேசாது. ஆனி, ஆடிக் காற்றுக் காலத்தில் மட்டும் தோணிகள் கரையில் கட்டிக் கிடக்கும். புருஷன் கடலில் இருக்கும்போது மனைவிக்கு எவ்வளவு பதற்றம் இருக்கிறது என்று அளப்பதுதான் ஆய்வு. 'கடந்த இரண்டு வாரங்களில் உங்களுக்குப் பயம் ஏற்பட்டதா?' என்பதைப் போலக் கொஞ்சம் கேள்விகள். 'ஒருபோதும் இல்லை' என்பதிலிருந்து 'எப்போதும்' வரை ஐந்து பதில்கள். ஒன்றைச் சொன்னால் போதும்.

தோணிகள் ஓடுகிற கார்த்திகை, மார்கழியில் வீடு வீடாகப் போனாள். கலர் சோடா உடைத்துக் கொடுத்து, மின்விசிறியை அவள் பக்கம் திருப்பிவிட்டு, பெண்கள் பளிச்பளிச்சென்று பதில் சொன்னார்கள். பயமா? ஒருபோதும் இல்லை. தூக்கம் கெடுகிறதா? ஒருபோதும் இல்லை. தெருவே ஒரே பதில். பிறகு ஆடி மாதம், ஆண்கள் எல்லாம் வீட்டில் கைலி கட்டிக்கொண்டு தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருக்கும்போது, அதே பெண்களிடம் அதே கேள்விகளைக் கேட்டாள். எல்லாம் தலைகீழ். பயமா? எப்போதும். தூக்கமா? எங்கே வருது?

திருநெல்வேலியில் இருந்த வழிகாட்டிப் பேராசிரியர் செல்வதுரை எண்களைப் பார்த்துவிட்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஹில்டா, இது வெடிகுண்டும்மா! புருஷன் கடல்ல இருந்தா பொண்டாட்டி நிம்மதியா இருக்கா. வீட்டுக்கு வந்தாத்தான் பதற்றம். உலகத்துல எவனும் இதைச் சொல்லல." கருத்தரங்கில் அவள் அதைப் படித்தபோது ஆண் பேராசிரியர்கள் சிரித்தார்கள்; பெண் பேராசிரியர்கள் அதைவிட ஓங்கிச் சிரித்தார்கள். தேவதாசன் வீட்டில் கேட்டார்: "ஏளா, அப்ப நான் சாயங்காலம் வீட்டுக்கு வாரதா வேண்டாமா? சொல்லிரு, ஆபீஸ்லயே படுத்துக்கிடுதேன்."

உங்களுக்குப் பிடித்த முடிவு கிடைத்தால் அதை இரண்டு மடங்கு சந்தேகப்படுங்கள் என்று வகுப்பில் சொல்கிறவள்தான் ஹில்டா. ஆனால் ஆசை வெட்கமறியாது என்பார்கள். ஆய்வு முறையும் அறியாது போலிருக்கிறது. கத்தரிக்காயை வெட்டிப் பார்த்தவள் இதை வெட்டிப் பார்க்காமல் இயலை எழுதி முடித்தாள்.

ஐப்பசிக் கடைசியில், தோணிகள் மறுபடியும் ஓடத் தொடங்கிய பிறகு, பதில் சொன்ன வீடுகளுக்கு நன்றி சொல்லிவிட்டு வரலாம் என்று பழம் வாங்கிக்கொண்டு போனாள். முதலில் சீனித்தாய் வீடு. சீனித்தாயின் புருஷன் ராஜதுரை ஒரு தோணியில் தண்டல். தோணியை நடத்திப் போகிறவர் அவர்தான். அன்று துறைமுகத்தில் மூன்றாம் எண் புயல் கூண்டு ஏற்றியிருந்தார்கள். ராஜதுரையின் தோணி மாலத்தீவிலிருந்து கிளம்பியாகிவிட்டது, இன்னும் கரை வந்து சேரவில்லை.

"வாங்க டீச்சர், சாப்பிடாமப் போகப்பிடாது" என்று சீனித்தாய் அடுப்படிக்கே கூட்டிப் போனாள். சாளை மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. சீனித்தாய் உப்பைப் போட்டுக் கிண்டினாள். கறிவேப்பிலையைக் கிள்ளிப் போட்டாள். வாசல் பக்கம் யாரோ 'கூண்டு' என்று பேசிக்கொண்டு போனது கேட்டது. அவள் மறுபடி உப்பு ஜாடியைத் திறந்து போட்டாள். தட்டைப் போட்டு மூடினாள். செல்போனை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தாள். தட்டைத் திறந்தாள், திரும்பவும் உப்பு போட்டாள்.

"பயமா இருக்கா சீனித்தாய்?" என்று ஹில்டா கேட்டாள்.

"எனக்கென்ன டீச்சர் பயம்? நல்லாத்தான இருக்கேன்" என்று அவள் பல் தெரியச் சிரித்தாள்.

தெருவே மெச்சுகிற கைப்பக்குவம் அவளுடையது. அந்தக் குழம்பை வாயில் வைக்க முடியவில்லை. ஹில்டா ஒரு வாய் விழுங்கிவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு, மெதுவாகக் கேட்டாள்: "அப்ப ஆடி மாசத்துல மட்டும் ஏன் அப்படி? பயம், தூக்கமில்ல, நெஞ்சு படபடங்குன்னு அடுக்குனியே. அப்ப அவிய வீட்டுலதான இருந்தாவ?"

"அதான் டீச்சர், வீட்டுல இருந்தாவ" என்றாள் சீனித்தாய், இதுகூடவா தெரியாது என்பது போல. "ஆளு கரையில காலு வச்ச பெறவு பட்டதயெல்லாம் கொட்டிரலாம்லா? தண்ணியில இருக்கும்போது வாயால அப்படிச் சொன்னா கடலு கேட்டுக்கிடாதா? எங்க தெருவுல ஒருத்தியும் சொல்ல மாட்டா." சொல்லிவிட்டு, அதையும் சொல்லியிருக்கக் கூடாதோ என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

ராஜதுரையின் தோணி மறுநாள் மத்தியானம் வந்து சேர்ந்துவிட்டது. ஹில்டாவின் தோணிதான் அன்றைக்கே கவிழ்ந்துவிட்டது. பேருந்தில் உட்கார்ந்து வந்தபோது அவளுக்கு வெட்கமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. 'கடந்த இரண்டு வாரங்களில்' என்று அவள் கொட்டை எழுத்தில் போட்டிருந்தாள். அந்தப் பெண்கள் ஆடியில் ஒரு கடல் காலம் முழுவதையும் அவள் மடியில் கொட்டியிருக்கிறார்கள். அவள் அளந்தது பயத்தை அல்ல, பயத்தைச் சொல்லலாமா கூடாதா என்பதை. தெரு முழுக்க ஒரே அளவு காட்டிய அவளுடைய கேள்விகள் அத்தனையும் கள்ளத் தராசு.

செல்வதுரை நடந்ததைக் கேட்டுவிட்டுப் பெருமூச்சு விட்டார். கெட்ட மனுஷர் அல்ல. அவள் மேல் இரக்கம்தான். "நீ சொல்லுதது சரியாத்தான் இருக்கும். ஆனா கெடு முடியப் போகுதே. எழுதினத அப்படியே குடுத்துரு. பட்டம் வாங்கின பெறவு திருத்திக்கிடலாம். யாரு வந்து சீனித்தாய் வீட்டுல குழம்பு குடிச்சுப் பாக்கப் போறா?"

இரண்டு நாள் ஹில்டா வீட்டில் எரிந்து எரிந்து விழுந்தாள். கொடுத்துவிடத்தான் நினைத்தாள்; அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் வகுப்பில் வழக்கம்போலத் தராசுக் கதையைச் சொன்னாள். சண்முகப்ரியா என்ற மாணவி, தூக்கத்தை விரட்டுவதற்காகவே எதையாவது கேட்கிற பெண், எழுந்து கேட்டாள்: "மேடம், எல்லாம் முடிஞ்ச பெறவுதான் தராசு தப்புன்னு தெரியுது. அப்ப என்ன செய்யணும்?"

"என்ன செய்ய? தப்புன்னு எழுதணும். எப்படித் தப்பாச்சுன்னும் எழுதணும். அதுவும் கண்டுபிடிப்புதான்" என்று ஹில்டா யோசிக்காமலே சொன்னாள். சொன்ன பிறகு, சாக்கட்டியைக் கையில் பிடித்தபடியே, மணி அடிக்கும் முன்பே வகுப்பைவிட்டுப் போய்விட்டாள். பிள்ளைகள் மேடத்துக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்தார்கள்.

கருத்தரங்கில் கைதட்டல் வாங்கிய இயலைத் தூக்கிப் போட்டாள். ஆய்வின் தலைப்பே மாறியது: கடலோரக் குடும்பங்களில் பதற்ற அளவுகோல் ஏன் தோற்கிறது என்று. தேவதாசன் சமையலை ஏற்றுக்கொண்டார். அந்த மாதங்களில் வீட்டில் ரசம் தவிர வேறு குழம்பு இல்லை. செல்வதுரை முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். கெடுவுக்குள் கொடுத்தாகிவிட்டது. வெடிகுண்டு போய்ப் புஸ்வாணமாகிவிட்டது என்று துறையில் பேசிக்கொண்டார்கள். ஹில்டாவுக்கு மட்டும் என்னவோ பசியும் தூக்கமும் திரும்பி வந்தன.

பொது வாய்மொழித் தேர்வு அடுத்த வருஷம் கார்த்திகையில் வந்தது. யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாம் என்பது விதி. யாரும் வருவதில்லை என்பது வழக்கம். ஆனால் டீச்சருக்குப் பரீட்சை என்று கேள்விப்பட்டு, சீனித்தாய் தலைமையில் தெருவே பட்டுச்சேலை உடுத்தி, பூ வைத்து, வேன் பிடித்து வந்து முன் வரிசைகளில் உட்கார்ந்துவிட்டது.

கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் கண்டிப்பானவர். அவர் ஆய்வேட்டைப் புரட்டியபடி கேட்டார்: "இந்தப் பெண்களுக்கு உண்மையிலேயே பயம் இல்லாமல் இருக்கலாமே. பழகிப்போயிருக்கலாம். சொல்லக் கூடாது என்பதால் சொல்லவில்லை என்று நீங்கள் எப்படி முடிவுகட்டினீர்கள்? ஒரு சட்டி குழம்பை வைத்தா?"

நியாயமான கேள்வி. ஹில்டாவே வகுப்பில் கேட்கிற கேள்வி. "ஒரு சட்டி குழம்பை வைத்து முடிவுகட்ட முடியாதுதான், ஐயா. சந்தேகப்படக் காரணம் கிடைத்தது. அதற்கு மேல் என்னால் நிரூபிக்க முடியவில்லை. அதையும் எழுதியிருக்கிறேன்" என்றாள். பின்னால் செல்வதுரை கண்ணை மூடிக்கொண்டார்.

தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு முன் வரிசையைப் பார்த்தார். "இவர்கள்தானே அவர்கள்? நானே கேட்கிறேன். அம்மா, கணவர் கடலில் இருக்கும்போது உங்களுக்குப் பயமாக இருக்காதா?"

"எங்களுக்கென்ன சார் பயம்! நல்லாத்தான இருக்கோம்!" என்று முன் வரிசை ஒரே குரலில் சொன்னது. அரங்கு சிரித்தது. தேர்வாளர் ஹில்டாவைப் பார்த்து, இப்போது என்ன சொல்கிறாய் என்பது போலக் கையை விரித்தார். அவளுக்கு எல்லாம் முடிந்துவிட்டது என்று தோன்றியது.

அப்போது ஓரத்தில் இருந்த விஜிலா என்ற சின்னப் பெண் எழுந்தாள். "நான் சொல்லலாமா சார்? எங்க வீட்டுக்காரவ நேத்து கரைக்கு வந்துட்டாவ" என்றாள். "சொல்லுங்கள்" என்றார் அவர்.

விஜிலா வாயைத் திறக்கும் முன்பே சீனித்தாய் எழுந்துவிட்டாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் வாசலைப் பார்த்து நடந்தாள். அவள் பின்னால் இன்னொருத்தி. அப்புறம் இரண்டு பேர். அப்புறம் வரிசை வரிசையாக. யாரும் யாரையும் கூப்பிடவில்லை. வெளியே போய், அந்தப் பேச்சு காதில் விழாதபடி கதவைச் சாத்தியும் கொண்டார்கள். உள்ளே நாலைந்து பேர் மிஞ்சினார்கள்.

தேர்வாளர் காலி நாற்காலிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மிஞ்சிய பெண்களிடம், "உங்கள் வீட்டுக்காரர்கள்?" என்று கேட்டார். "கரையிலதான் சார் இருக்காவ" என்றாள் ஒருத்தி.

புருஷன் கடலில் கிடந்த நாட்களில் தான் பட்டதை விஜிலா சொல்ல ஆரம்பித்தாள். அவள் சொல்லி முடித்தபோது, சிரித்தவர்கள் யார் முகத்திலும் சிரிப்பு இல்லை. தேர்வாளர் ஆய்வேட்டை மூடிவைத்தார். "எனக்கு வேறு கேள்வி இல்லை, டாக்டர் ஹில்டா" என்றார்.

எத்தனை வருஷம் ஆசைப்பட்ட சொல்! அதை நின்று ருசிக்கக்கூட ஹில்டாவுக்குத் தோன்றவில்லை. கதவைத் திறந்துகொண்டு வராந்தாவுக்கு ஓடினாள். பெண்கள் அவளைச் சுற்றிக்கொண்டார்கள். "முடிஞ்சிட்டா டீச்சர்? பாஸ் போட்டுட்டாவளா? எங்களால ஒண்ணும் கெட்டுப்போகலயே?"

"பாஸ்தான்" என்றாள்.

சீனித்தாய் அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க அங்கன ஒத்தையில நிக்கும்போது நான் அப்படிப் பயந்துட்டேன் டீச்சர். இப்பச் சொல்லலாம்லா, நீங்கதான் கரையேறிட்டியளே."