கமலா டீச்சரின் காகம்

கரப்பந்து அணிக்கு ஆள் எடுப்பது பொம்பிளை பார்க்கப் போவதை விடக் கரைச்சலான வேலை. பொம்பிளை பார்க்கப் போனால் பலகாரமாவது தருவார்கள். இங்கே வெயிலில் நின்று தொண்டை கிழியக் கத்திவிட்டு, எடுபடாத பிள்ளையின் தாயிடம் ஏச்சும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வர வேண்டும். போன வருடம் எனக்கு முப்பது ஆனது. இருபத்தொன்பதுக்கு மேல் இளைஞர் கழகத்தில் ஆட ஏலாது. ஆட்டம் போன கவலையில் ஒரு மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டுக்குள் திரிந்தேன். அதைப் பார்க்கச் சகிக்காமல் எங்கள் கழகச் செயலாளர் அர்ஷாக், "ராத்தா, இனிப் பொம்புளப் புள்ளைகள்ட டீம நீங்களே பாருங்க" என்று விசிலைக் கையில் தந்துவிட்டான். அப்படித்தான் பஹ்மியா என்கிற நான் இந்த வம்பில் மாட்டினேன்.

இந்த வருடம் இருபத்தொன்பது ஆனது என் கூட்டாளி கமலேஸ்வரிக்கு. அவளுக்கு இதுதான் கடைசி வருடம்.

கமலா பாலையூற்றுக்காரி. தகப்பன் சின்னராசா குச்சவெளி பஸ்ஸில் கொண்டக்டராக இருந்தவர். மற்றக் கொண்டக்டர்மார் "உள்ளுக்குப் போ, உள்ளுக்குப் போ" என்று முதுகில் கை வைத்துத் தள்ளும்போது அவர், "கொஞ்சம் அரக்கி நில்லுங்கோ" என்று கெஞ்சுவார். நிலாவெளியில் யாராவது ஆட்டுக்குட்டியோடு ஏறினால் அந்தக் குட்டிக்கும் "உள்ளுக்குப் போங்கோ"தான். அந்த வாய் அப்படியே மகளுக்கு வந்து சேர்ந்தது. பதினேழு வயதில் டவுனில் ஒரு முன்பள்ளியில் டீச்சராகச் சேர்ந்தாள். அன்றிலிருந்து அவள் வகுப்பில் ஒரே ஒரு சட்டம்தான். யாரும் யாரையும் "நீ" என்று சொல்லக் கூடாது. மூன்று வயதுக் குஞ்சுகள் கூட, "நீங்கள்தான் என்ர பென்சிலை எடுத்தனீங்கள்" என்று மரியாதையாகத்தான் முடியைப் பிடித்து இழுத்துக்கொள்ள வேண்டும்.

மீறினால் அடி இல்லை, ஏச்சும் இல்லை. "நீ எண்டு சொன்னால் வாய்க்குள்ள காகம் வந்து கூடு கட்டும்" என்று மட்டும் சொல்லுவாள். அவ்வளவுதான், பிள்ளைகள் நடுங்கிப் போவார்கள். வாய் தவறி "நீ" என்று சொன்னவர்கள் இடைவேளைக்கு அவள் முன்னால் வரிசையில் வந்து நின்று ஆவென்று வாயைத் திறந்து காட்டுவார்கள். "டீச்சர், காகம் வந்திட்டுதோ பாருங்கோ." அவளும் சிரிக்காமல் ஒவ்வொரு வாயாகக் குனிந்து பார்த்து, "இல்லை, இன்னும் வரேல்லை" என்று அனுப்பி வைப்பாள். இதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

மைதானத்தில் அவள் வேலை, பந்தை அடிக்கிறவளுக்கு வாகாகத் தூக்கிக் கொடுப்பது. கைதட்டெல்லாம் அடிக்கிறவளுக்குத்தான். தூக்கிக் கொடுத்தவளை ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பதினாறு வயதிலிருந்து நான் அடித்து வாங்கின கைதட்டில் பாதி அவளுடையது. கலியாணம் பேசி வந்தவர்களுக்கெல்லாம், "வொலிபோல் முடியட்டும்" என்று சாட்டுச் சொல்லியே காலத்தை ஓட்டினாள். "இனி என்ன சாட்டடி சொல்லப் போறாய்?" என்று இந்த வருடம் கேட்டேன். சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

மாவட்டப் போட்டிக்கான தெரிவு ஆனி மாதம் தொடங்கியது. கச்சான் காற்று மண்ணை வாரி முகத்தில் அடிக்கிற காலம். துறைமுகப் பக்கமிருந்து வருகிற காற்று எந்தப் பந்தையும் போட்ட இடத்தில் விழ விடாது. பற்றாததற்கு மாடு மாதிரித் தெருவெல்லாம் திரிகிற டவுன் மான்கள் வேறு. கோட்டுக்கு வெளியே முகம் துடைக்க வைத்த துவாயை ஒன்று நின்று நிதானமாக மென்றுகொண்டிருக்கும், துரத்தினால் எங்களைத்தான் விசித்திரமாகப் பார்க்கும். இந்த அமளிக்குள் பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகள் ஒரு கூட்டம் வந்து நின்றது. நல்ல கால், நல்ல கை, பயமில்லாத பாய்ச்சல். எனக்கு வாயெல்லாம் பல். பிறகுதான் கவனித்தேன், முக்கால்வாசிப் பேர் கமலாவின் முன்பள்ளியில் படித்தவர்கள்.

கரப்பந்தில் இரண்டு பேருக்கு நடுவே பந்து வந்தால் ஒருத்தி "விடு!" என்று கத்த வேண்டும். நீ விடு, நான் எடுக்கிறேன் என்று அர்த்தம். கேட்டவுடன் மற்றவள் ஒதுங்கிவிட வேண்டும். கண்ணை மூடித் திறப்பதற்குள் நடக்க வேண்டிய காரியம் இது. எங்கள் பிள்ளைகள் தங்களுக்குள் நன்றாகத்தான் கத்தினார்கள். வளர்ந்த பிறகு காகப் பயம் விட்டுப் போயிருந்தது. ஆனால் பந்து கமலாவுக்குப் பக்கத்தில் வந்தால் போதும், ஒவ்வொருத்தியும் மறுபடி மூன்று வயதாகிவிடுவாள்.

மோசம் சுலோஜனாதான். சீனன்குடாப் பிள்ளை. தாய்க்கு டவுனில் வேலை என்பதால் சின்ன வயதில் கமலாவிடம் வந்தவள். முதல் வருடம் முழுக்க அழுதுகொண்டு கமலாவின் இடுப்பிலேயே இருந்தவள். இப்போது பின்வரிசையில் அவளைப் போல் பந்து எடுக்க எங்கள் பக்கத்தில் ஆளில்லை. ஆனால் பந்து தனக்கும் கமலாவுக்கும் நடுவே வந்தால், "டீச்சர், நீங்கள் விடுங்கோ டீச்சர், நான்..." என்று தொடங்குவாள். "நான்" வருவதற்குள் பந்து பொத்தென்று மண்ணில் இருக்கும். கமலா என்ன செய்வாள் தெரியுமா? "பரவாயில்லை அம்மாச்சி, அடுத்த முறை நீங்கள் எடுங்கோ" என்பாள். அடுத்த பந்தும் விழும்.

அர்ஷாக் வாயில் எதையும் மறைக்கத் தெரியாதவன். "டீச்சர் நிக்கிற இடத்தச் சுத்தி ஒரு கிணறு இரிக்கி ராத்தா. பந்தெல்லாம் அதுக்குள்ளதான் விழுது. அவட ஆட்டத்தில ஒரு குறையும் இல்ல. ஆனா அவ நிண்டா மத்தவங்க ஆடுறாங்க இல்ல" என்றான். எனக்கு அவன் மேல் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சல்.

அன்று பின்னேரம் கமலாவைத் தனியே கூப்பிட்டு, உள்ளதைச் சொன்னேன். அவள் சப்பாத்தைக் கழற்றி மண்ணைத் தட்டினாள்.

"கட்டைபறிச்சான் கழகத்தில இருந்து போன் எடுத்தவை" என்றாள் பிறகு. "அவையளுக்குத் தூக்கிக் குடுக்க ஆள் இல்லையாம். என்னை வரச் சொல்லிக் கேக்கினம். ஞாயிற்றுக்கிழமைக்குள்ள முடிவு சொல்லட்டாம். அங்க ஒருத்தரும் என்னட்டப் படிக்கேல்லை பஹ்மி. வாய் நிறைய 'விடு' எண்டு கத்துவினம்."

"அப்ப நீ போ" என்றேன்.

அவள் கண் நிறைந்துவிட்டது. "எனக்கு ஆட வேணும். அதைவிட இந்தப் பிள்ளையளோட ஆட வேணும். சப்பாத்துக் கட்டத் தெரியாத காலத்தில இருந்து பாத்த பிள்ளையள். ஒரே ஒரு வருசம் அவையின்ர பக்கத்தில நிண்டு ஆடிட்டன் எண்டால் எனக்குப் போதும்."

கூட்டாளி என்பதற்காக அவளை எடுத்தால் பந்து விழும், பிள்ளைகளின் உழைப்பு வீணாகும். எடுக்காமல் விட்டால் அவள் குடாவைக் கடந்து கட்டைபறிச்சானுக்குப் போய் யாரோ அடிக்கிறதற்குத் தூக்கிக் கொடுப்பாள். இரண்டையும் நினைக்க எனக்கு அழுகை வந்தது. காகத்தின் மேல்தான் கோபமும் வந்தது, வேறு யார் மேல் கோபப்படுவது?

அடுத்த நாள் கமலா பிள்ளைகளை வட்டமாக இருத்தினாள். "பிள்ளையள், இனி மைதானத்துக்குள்ள என்னை டீச்சர் எண்டு சொல்லாதேங்கோ. கமலா எண்டு கூப்பிடுங்கோ. நீ, வா, போ எண்டு கதையுங்கோ. விளங்கினதோ?"

"ஓம் டீச்சர்!" என்றார்கள் எல்லாரும் ஒரே குரலில்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவள் முறைத்தாள். "சிரிக்காத. அவையளுக்கு ஏலாமக் கிடக்கு."

"அவங்களுக்கா ஏலாம இரிக்கி? 'கதையுங்கோ, கூப்பிடுங்கோ' எண்டு நீயே நீங்கள் போட்டுக் கதைச்சா அந்தப் புள்ளைகளுக்கு எப்படி நீ வரும்? முதல்ல உன்ட வாயத் திற. ஒரு நாளாவது அவங்கள 'எடடி' எண்டு சொல்லு."

"என்ர பிள்ளையளை அப்படிச் சொல்ல எனக்கு ஏலாது பஹ்மி."

"ஏலா எண்டா கட்டைபறிச்சானுக்குப் போ" என்று சொல்லிவிட்டு விசிலை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். என் வாய் எப்போதும் அப்படித்தான். அன்றிரவு சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கடைசித் தெரிவு. பிள்ளைகளை இரண்டு அணியாகப் பிரித்து ஆட விட்டேன். தாய்மார் வேலியோரம் வந்து நின்றார்கள், சுலோஜனாவின் தாயும் ஒரு பை நிறைய மாங்காயோடு வந்திருந்தா. கமலா தன் போனை என்னிடம் தந்தாள். "கட்டைபறிச்சானில இருந்து எடுப்பினம். ஆட்டம் முடிஞ்சாப் பிறகு கதைக்கிறன் எண்டு சொல்லு." என் முகத்தைப் பார்க்காமலே உள்ளே போனாள்.

கச்சான் அன்று பேய் பிடித்த மாதிரி வீசியது. இரண்டு பந்து விழுந்தது. இரண்டும் அந்தக் கிணற்றுக்குள்தான். அர்ஷாக் என்னைப் பார்த்தான், நான் மானைப் பார்த்தேன். மூன்றாவது பந்து சுலோஜனாவின் காலடிக்கே வந்தது. அது அவளுடைய பந்து, சந்தேகமே இல்லை. அவள் கமலாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பொத்.

"எடடி!"

மைதானம் திகைத்துப் போனது. கத்தினது கமலா.

"என்னடி என்ர மூஞ்சையைப் பாத்துக்கொண்டு நிக்கிறாய்? அது உன்ர பந்தெல்லோ! எடன்!"

சுலோஜனாவின் உதடு கோணிக்கொண்டு வந்தது. சின்ன வயதில் முன்பள்ளி வாசலில் இறக்கிவிட்டுத் தாய் போகும்போது அழுவாளாம், அந்த முகமே வந்துவிட்டது. கமலாவின் முகம் அதைவிட மோசம். அவள் கை பிள்ளையின் தலையைத் தடவப் பாதி தூரம் போனது. போனால் எல்லாம் கெட்டது என்று எனக்குத் தெரியும். மன்னிப்புக் கேட்க அவள் வாயைத் திறக்கு முன் விசிலை ஊதிவிட்டேன். ஊதும்போது எனக்கும் கண் தெரியவில்லை.

அந்தப் பக்கத்தவர்கள் பந்தைப் போட்டார்கள். வலையைத் தாண்டி வந்த பந்தைக் கச்சான் பிடித்துக்கொண்டு பின்னுக்குத் தள்ளியது. கமலா பழைய பழக்கத்தில் அண்ணாந்தபடி பின்னுக்கு ஓடினாள். பின்வரிசையிலிருந்து சுலோஜனா முன்னுக்கு ஓடி வந்தாள். இதுவும் விழத்தான் போகிறது என்று நான் கண்ணை மூட நினைத்தேன்.

"விடடி!"

அழுகையும் ஆத்திரமுமாக வந்த குரல். மான் கூட மெல்லுவதை நிறுத்தியது. கமலா சட்டென்று குனிந்து ஒதுங்கினாள். சுலோஜனா முழங்காலில் சறுக்கிக்கொண்டு போய்ப் பந்தை எடுத்து உயர்த்தினாள். கை காலியாக நின்ற கமலா அதைப் பாய்ந்து போய்த் தூக்கிக் கொடுத்தாள், எனக்குத் தூக்கிக் கொடுத்த அதே மாதிரி, காற்றுக்குத் தக்கபடி கொஞ்சம் உள்ளே. இடப்பக்கம் நின்றவள் அடித்தாள். பந்து அந்தப் பக்கத்து மண்ணில் குத்தியது.

ஒருவரும் கைதட்டவில்லை. வேலியோரமிருந்துதான் முதல் சத்தம் வந்தது. "எடியே சுலோ! ஆரைப் பாத்து என்ன கதை கதைச்சனீ?" என்று தாய் மாங்காய்ப் பையோடு பாய்ந்து வந்தா. அர்ஷாக் குறுக்கே நின்று மறித்தான். மறித்தபடியே என் பக்கம் திரும்பி, "இனி என்ன யோசின ராத்தா? கிணத்த மூடியாச்சு. டீச்சர எடுங்க" என்றான். அந்த நேரம் பார்த்து என் கையிலிருந்த போன் அடித்தது. கட்டைபறிச்சான். போனைக் கமலாவுக்குத் தூக்கிக் காட்டினேன். அவள் தூரத்தில் நின்றபடி, நீயே சொல்லு என்று தலையசைத்தாள். "அவ வரமாட்டா தங்கச்சி" என்றேன் போனில். "அவ எங்கட டீமில ஆடுறா." சொல்லும்போது குரல் உடைந்தது. அந்தப் பிள்ளை எனக்குச் சளித் தடிமன் என்று நினைத்திருக்கும்.

சுலோஜனா மண்ணில் முழங்காலில் இருந்தபடி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கமலா போய் அவள் முன்னால் குந்தினாள்.

"கையை எடு" என்றாள்.

சுலோஜனா தலையை ஆட்டினாள், மாட்டேன் என்று.

"எடடி. வாயைத் திற, பாப்பம்."

பதினைந்து வயதுப் பிள்ளை, அத்தனை பேர் முன்னால், கையை எடுத்து ஆவென்று வாயைத் திறந்தாள். கமலா குனிந்து, அப்படியும் இப்படியும் சரிந்து, சிரிக்காமல் பார்த்தாள். அவள் கண்ணீர் பிள்ளையின் மடியில் விழுந்தது.

"இருக்கோ டீச்சர்?"

"இருந்தது" என்றாள் கமலா. "பறந்திட்டுது."