இரண்டு கையுறைகளும் ஒரு தீச்சட்டியும்

இந்த ஜெர்மன் ஊரில் நான் வேலை பார்க்கும் ஆய்வகத்தில், பக்லிடாக்சல் குப்பியைத் தொடுவதற்கு முன் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கையுறைகள் அணிய வேண்டும். ஒரு சொட்டு தோலில் பட்டாலும் பதிவேட்டில் எழுத வேண்டும். செவ்வாய்க்கிழமைகளில் அதை அளந்து செல்களின்மேல் விடுவது என் வேலை. அதே செவ்வாய்க்கிழமைகளில், மதுரையில் ஒரு மருத்துவமனையில், அதே மருந்து என் அக்கா முருகேஸ்வரியின் ரத்தக்குழாய்க்குள் இறங்குகிறது. மார்பில் புற்றுக்கட்டி. தேனிப் பக்கம் மார்க்கையன்கோட்டையிலிருந்து பஸ் ஏறிப் போய்வருகிறார். பன்னிரண்டு வாரச் சிகிச்சையில் ஏழு முடிந்திருந்தது.

செல்லுக்குள் ஒரு சட்டகம் உண்டு. பாடநூல்கள் எலும்புக்கூடு என்கின்றன. எனக்கு அது திருவிழாப் பந்தலாகத் தெரிகிறது. டியூபுலின் என்ற புரதத் துண்டுகள் சேர்ந்து நுண்குழல்களாக நீள்கின்றன, பிறகு உதிர்கின்றன. சில புரதங்கள் கட்டுகளை இறுக்குகின்றன, சில அவிழ்க்கின்றன. செல் இரண்டாகப் பிரிய வேண்டுமென்றால் பழைய பந்தலைக் கலைத்து, அதே கம்புகளால் வேறொன்று கட்டியாக வேண்டும். பக்லிடாக்சல் குழல்களில் ஒட்டிக்கொண்டு அவற்றை உதிரவிடாமல் செய்கிறது. பிரியப் புறப்பட்ட செல் பாதியில் சிக்கிச் சாகிறது. வேகமாகப் பெருகும் கட்டிக்கு அதனால்தான் இந்த மருந்து. ஆனால் நரம்புக்கு அந்தக் குழல்கள்தாம் பாதை. முதுகெலும்பின் அருகிலிருந்து விரல்நுனிவரை சரக்கு அவற்றின் வழியாகத்தான் போகிறது. பாதை கெட்டால் கையும் காலும் நுனியிலிருந்து மரத்துப்போகும்.

சித்திரையில் வீரபாண்டி அம்மன் கோயில் திருவிழா முடிந்த மறுநாள், அக்காவின் கணவர் ஒரு படம் அனுப்பினார். மஞ்சள் சேலை, கைகளில் வேப்பிலைக் கொத்து, அதன்மேல் எரிகிற தீச்சட்டி. வேண்டிக்கொண்டதை அக்கா எனக்குச் சொல்லியிருக்கவில்லை. பக்கத்து மேசைக் காத்ரின் எட்டிப் பார்த்தார்.

"அந்த இலைகள் வெப்பத் தடுப்பா?"

"அப்படித்தான்."

"இரண்டு அடுக்கா?"

அவர் கேலி செய்யவில்லை. விதிமுறையைத்தான் விசாரித்தார்.

அன்றே வீடியோவில் அழைத்தேன். அக்கா உற்சாகமாக இருந்தார்.

"ஏலே தம்பி, சூடே தெரியலடா! கூட வந்த பொம்பளைக பாதி வழியில கையை மாத்தி மாத்திப் பிடிச்சாக. எனக்குக் குளுகுளுன்னு இருந்துச்சு. ஆத்தா அவளே சுமந்துட்டா."

"கையைக் காட்டுக்கா."

உள்ளங்கையில் மூன்று கொப்புளங்கள், ஒன்று உடைந்திருந்தது.

"இது வீட்டுக்கு வந்து உங்க மச்சான் சொன்ன பிறகுதான் தெரிஞ்சுச்சு."

பின்னாலிருந்து மச்சானின் குரல் வந்தது: "மூணு வாரமா ஜாக்கெட் ஊக்கு மாட்ட முடியாம என்னியக் கூப்புடுறா. இதுல ஆத்தா வந்து சட்டி தூக்குனாளாம்! ஊக்கை மாட்டிவிட வரமாட்டாளாக்கும்."

"நீங்க சும்மா இருங்க."

மரத்துப்போனதை டாக்டரிடம் சொன்னாயா என்று கேட்டேன்.

"வாரவாரம் கேக்குறாக. இல்லன்னுருவேன். சொன்னா மருந்தை நிப்பாட்டிப்புட்டா? மக கல்யாணத்தைப் பாக்கணும்லடா."

ஆய்வக வேலைக்கு வருமுன் தேனியில் சில காலம் நிருபராக இருந்திருக்கிறேன். வீரபாண்டிக்கு ஆண்டுதோறும் ஒரே செய்திதான்: தீச்சட்டி ஏந்தி பக்தர்கள் நேர்த்திக்கடன். யாருடைய கையும் மறுநாள் எப்படி இருந்தது என்று நான் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் அதற்குப் பத்திரிகையில் இடம் இருந்திராது.

அக்காவிடம் டியூபுலினைப் பற்றிப் பேசிப் பயனில்லை. அவர் நெல் நடுகிறவர்.

"லோயர் கேம்புல அணைத் தண்ணி திறந்தாக. நடுவுல வாய்க்கா சரிஞ்சுபோச்சு. எந்த வயக்காடு முதல்ல காயும்?"

"கடைமடைதான். இதைக் கேக்கவா போன் போட்ட?"

"விரல்நுனிதான் உனக்குக் கடைமடை. மருந்து வாய்க்காலைச் சரிக்குது. சொன்னா மருந்தைக் குறைப்பாக, இல்ல ஒரு வாரம் தள்ளிப்போடுவாக. சொல்லாமவிட்டா விரல் திரும்பாமலே போயிரலாம்."

அக்கா கொப்புளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப ஆத்தா சுமக்கலையா?"

"சூடு தெரியாததுக்குக் காரணம் மருந்து. மத்தது எனக்குத் தெரியாதுக்கா."

அவர் போனை மச்சானிடம் கொடுத்தார்.

அடுத்த செவ்வாய் காலை நான் ஆய்வகத்துக்குள் நுழையும்போது மச்சானின் செய்தி வந்தது: "சொல்லிட்டா. இன்னைக்கு மருந்து இல்ல. அடுத்த வாரம் அளவு கம்மி. பஸ்ல வாறோம். என்கூடப் பேச மாட்டேங்குறா."

போனைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு இரண்டு கையுறைகளையும் மாட்டினேன். உறைபெட்டியிலிருந்து குப்பியை எடுத்தேன். அன்று மதுரையில் இறங்காத மருந்து இங்கே செல்களின்மேல் இறங்க வேண்டும். குப்பியின் மேல் வெள்ளையாக உறைபனி படிந்திருந்தது. அதைக் கண்ணால்தான் அறிந்தேன். இரண்டு கையுறைகளுக்குள் விரல்களுக்கு எதுவும் தெரியவில்லை.