அமாவாசைக்கு ஓய்வெடுத்த மெயில் பெட்டி

"…மாசத்துல ஒரு நாள் தறியே கால நீட்டிப் படுத்துக்குது. இந்தப் பொட்டி மட்டும் இன்னா பாவம் பண்ணிச்சி? இதுக்கு ரெஸ்ட் வேணாமா?" என்று சொல்லிக்கொண்டே பெரியப்பா அதன் தலையில் குங்குமம் வைத்தார். கற்பூரம் காட்டினார். பிறகு குனிந்து சுவிட்சை அணைத்தார்.

ஆரணியில் எங்கள் தெருவுக்கு அமாவாசைதான் ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்குத் தறி ஓடாது. பக்கத்து வீட்டுச் சண்டை முழுசாகக் காதில் விழுவது அந்த ஒரு நாள்தான். பெரியப்பா தறிக்குப் பூசை போடுவார், தராசுக்குப் போடுவார், ஸ்கூட்டருக்குப் போடுவார். வீட்டில் உழைக்கிற எதையும் விட்டுவைக்க மாட்டார். அந்த மாதம் புதிதாக உழைக்க ஆரம்பித்த ஒன்று இருந்தது. முன்னறை மேசைக்கு அடியில் உறுமிக்கொண்டிருந்த கறுப்பு கம்ப்யூட்டர் பெட்டி. எங்கள் வீட்டுக்கு வரும் மெயில் எல்லாம் அதற்குள்தான் வந்து விழும். அது அணைந்திருந்தால் ஒன்றும் விழாது. அன்றைக்குப் பார்த்து அத்தைக்கு ஒரு மெயில் வர வேண்டியிருந்தது. அத்தை குளித்துக்கொண்டிருந்தாள்.

அத்தை என்றால் பெரியப்பாவுக்கும் அப்பாவுக்கும் ஒரே தங்கை. வேலூரில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்து, வேலைக்கு எழுதிப் போட்டுக்கொண்டு வீட்டில் இருந்தாள். அப்போது வீட்டுக்கு மொத்தமாக ஒரே இலவச மெயில்தான். அதன் பாஸ்வேர்டு எங்கள் எல்லோருக்கும் தெரியும், பிரவுசிங் சென்டர்காரருக்கும் தெரியும், அவர் மச்சானுக்கும் தெரியும். ஒருநாள் யாரோ அதை மாற்றினார்கள். இன்னொருவர் பழைய பாஸ்வேர்டையே விடாமல் போட்டுப் பார்த்தார். அந்த மெயிலே பூட்டிக்கொண்டது. யாரிடம் போய்க் கேட்பது? அந்தக் கம்பெனிக்கு ஆரணியில் கடையா இருக்கிறது? அத்தைக்கு வந்திருந்த இன்டர்வியூ அழைப்பு அதற்குள்ளேயே கிடந்தது. தேதி போன பிறகுதான் அவளுக்கு விஷயம் தெரிந்தது. அன்று அவள் சாப்பிடவில்லை. மறுநாள் எழுந்து தலையை முடிந்துகொண்டு, "இனிமே நம்ம பேர்ல, நம்ம கையில இருக்கற மெயிலுதான். ஓசில குடுக்கறவன் எப்ப வேணா கதவ சாத்துவான்" என்றாள்.

பெரியப்பா சம்மதித்ததற்குக் காரணம் வேறு. அவர் நெசவாளிகளுக்குப் பாவு நூல் கொடுத்து நெய்யவைத்து, பட்டுப்புடவை வியாபாரம் செய்பவர். கடைத்தெருவில் அவருக்குப் போட்டியாக இருந்தவர் விசிட்டிங் கார்டில் மெயில் முகவரியின் கடைசியில் தன் கடைப் பெயரையே போட்டிருந்தார். அதைப் பார்த்ததிலிருந்து பெரியப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. "அவன் பேரு வாலுல தொங்குது, நம்ம பேரு எங்க தொங்குது?" என்று அத்தையிடம் கேட்டார்.

நல்ல நேரம் பார்த்து எங்கள் கடைப் பெயரை இணையத்தில் வாங்கினார்கள். வாங்கிய பிறகுதான் வாக்குவாதம். மெயிலை வைத்துக் காப்பாற்றுவதற்கென்றே வெளியூரில் கம்பெனிகள் இருக்கின்றன, வாடகைக்கு அங்கே வைத்துவிடலாம் என்றாள் அத்தை. பெரியப்பா ஒப்புக்கொள்ளவில்லை.

"நம்ம சரக்கு நம்ம வூட்லதான் இருக்கணும். அடுத்தவன் குடோன்ல எதுக்கும்மா கெடக்கணும்?"

"ண்ணா, அவங்க ராவும் பகலும் கரண்டு போவாம பாத்துப்பாங்கண்ணா."

"நான் பாத்துக்க மாட்டனா?"

அதோடு பேச்சு முடிந்தது. பெட்டி எங்கள் முன்னறைக்கே வந்தது. அதற்கு ஒரு இன்வெர்ட்டரும் வந்தது. பிராட்பேண்டு போட வந்தவர், "லைனு வந்துகினேதாங்க கீது, உங்க வூட்டுக்குள்ளதான் நொழைய மாட்டேங்குது" என்று ஒரு வாரம் சொன்னார். அந்த வாக்கியம் எனக்கு ரொம்பப் பிடித்துப்போய், கணக்குப் பாடம் எப்படிப் போகிறது என்று அம்மா கேட்டபோது அதையே சொல்லிக் குட்டு வாங்கினேன்.

லைன் நுழைந்த பிறகும் லேசில் முடியவில்லை. அத்தை இங்கிருந்து மெயில் அனுப்புவாள். வேலூர்த் தோழி போனில் கூப்பிட்டு, "குப்பையில கெடக்குதுடி உன் மெயிலு" என்று சிரிப்பாள். ஊருக்குப் புதிதாக வந்தவருக்கு வீடு விட, நமக்குத் தெரிந்த நாலு பேர் இவர் நல்லவர்தான் என்று சொல்ல வேண்டும் இல்லையா, மெயிலுக்கும் அப்படித்தானாம். இந்தப் பெயர் இவர்களுடையதுதான், இந்தப் பெட்டி இந்தப் பெயருக்காகத்தான் பேசுகிறது என்று அங்கங்கே எழுதிவைத்தால்தான் மற்ற பெட்டிகள் நம்பும். அத்தை எங்கெங்கோ படித்துப் படித்து அதையெல்லாம் ஒவ்வொன்றாக எழுதிவைத்தாள். கடைசியில் ஒரு சாயந்திரம் போன் அடித்தது. "அடியே, நேரா வூட்டுக்குள்ளவே வந்துட்ச்சிடி!" என்று தோழி கத்தியது எனக்கே கேட்டது.

வீட்டில் ஆளுக்கு ஒரு முகவரி கிடைத்தது, எனக்குக்கூட. ஆனால் எல்லாம் வந்து விழுவது ஒரே பெட்டியில். அதற்குள்ளேயே ஆளுக்கொரு தனி இடம் பிரித்து வைக்க அத்தை கேட்டுப் பார்த்தாள். "ஒரே அடுப்புல சாப்டறோம், மெயிலுக்கு மட்டும் தனிக்குடித்தனமா?" என்றார் பெரியப்பா. தினமும் காலையில் காப்பி குடித்ததும் முன்னறையில் உட்கார்ந்து, வந்ததையெல்லாம் ரேடியோவில் செய்தி வாசிக்கிற மாதிரி சத்தமாகப் படிப்பார். "டியர் சார், கமா" என்று கமாவையும் விடமாட்டார். இதை நன்றாகக் கவனித்துவிட்டு நான் என் முகவரியிலிருந்து என் முகவரிக்கே ஒரு மெயில் எழுதினேன். மறுநாள் காலையில், "எனக்கு ஜாமெட்ரி பாக்ஸ் வேண்டும், முற்றுப்புள்ளி, பழையதில் முள் இல்லை, முற்றுப்புள்ளி" என்று பெரியப்பா வீடு முழுக்கக் கேட்கும்படி வாசித்தார். அப்பாவுக்கு வேறு வழியில்லாமல் போயிற்று.

அந்தச் சமயத்தில்தான் அத்தை புது முகவரியைக் கொடுத்துச் சென்னையில் ஒரு கம்பெனிக்கு எழுதிப் போட்டாள். கூப்பிட்டார்கள், போய் வந்தாள். முடிவை வியாழக்கிழமை மெயிலில் சொல்வோம், வேலைக்கு வருகிறேன் என்று வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் பதில் போட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்தவரைக் கூப்பிடுவோம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அந்த வார ஞாயிற்றுக்கிழமை சேத்துப்பட்டிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வருவதாக இருந்தது. பெரியப்பா ஒரு ஏற்பாடு சொன்னார். "வேல வந்துட்ச்சின்னா நானே அவங்களுக்கு போன் போட்டு இப்ப வேணாம்னு சொல்ட்றேன். வரலைன்னா நீ பேஜார் பண்ணாம பட்டுப்புடவ கட்டிகினு வந்து உக்காரணும். சரிதானா?" அத்தை சரி என்றாள். எழுத்தில் வாங்கவில்லையே தவிர, எங்கள் வீட்டில் பெரியப்பா சொன்னால் சொன்னதுதான்.

அந்த வியாழக்கிழமைதான் அமாவாசை.

ஈரத்தலையோடு அத்தை முன்னறைக்கு வந்தபோது கதவில் பூட்டுத் தொங்கியது. உள்ளே உறுமலைக் காணோம். அமாவாசைக்குப் படவேட்டு அம்மனைப் பார்க்கப் போவது பெரியப்பாவின் வழக்கம். முன்னறையில் பட்டு இருப்பதால் பூட்டிவிட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு பஸ் ஏறியிருந்தார். அத்தை அவர் போனுக்கு அடித்தாள். மணி அடித்தது, பூட்டிய அறைக்குள்ளிருந்து. சார்ஜில் போட்டுவிட்டு மறந்துபோயிருந்தார்.

"மரியாத பண்றேன்னு பொட்டிக்கு கற்பூரம் காட்டினாரு" என்று நான் பார்த்ததைச் சொன்னேன். அத்தை நடையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

பூட்டை உடைக்கலாமா என்றாள் அம்மா. அமாவாசையும் அதுவுமாகப் பட்டு அறைப் பூட்டையா என்று அப்பா தயங்கினார். சாயந்திரம் அண்ணன் வந்துவிடுவார் என்றார். படவேட்டுக்குப் போகிற பஸ்ஸை நம்பி இப்படியெல்லாம் சொல்லக் கூடாது. விளக்கு வைத்த பிறகு யாரோ ஒருவருடைய போனிலிருந்து பெரியப்பா பேசினார். பஸ் வரவில்லை, தெரிந்தவர் வீட்டில் தங்கிவிட்டுக் காலை முதல் பஸ்ஸில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு, அப்பா வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டார்.

"இந்நேரம் அவங்க அனுப்பியிருந்தா, அது இன்னா ஆவும்?" என்று அம்மா அத்தையிடம் கேட்டாள்.

"அனுப்பற பொட்டி வந்து நம்ம பொட்டியத் தட்டும் அண்ணி. யாரும் இல்லைன்னா உடனே தூக்கிப் போட்டுடாது. கொஞ்ச நேரம் கழிச்சித் திரும்ப வந்து தட்டும். ரெண்டு மூணு நாளு கூட விடாம தட்டும்."

"அப்புறம் இன்னாம்மா? வந்துடும்."

"படிச்சதுல அப்பிடித்தான் போட்டிருந்துச்சி அண்ணி. நம்ம வூட்டு விஷயத்துல படிச்சது நடக்குமா?"

அம்மா ஞாயிற்றுக்கிழமைக்கென்று எடுத்துவைத்திருந்த பட்டுப்புடவையை யார் கண்ணிலும் படாமல் பீரோவுக்குள் தள்ளினாள்.

காலையில் தறிகள் மறுபடி ஓடத் தொடங்கிய பிறகு பெரியப்பா வந்தார். நெற்றி நிறையக் குங்குமம், கையில் பிரசாதப் பை. "இன்னா, எல்லாரும் இடி வுழுந்தாப்பல உக்காந்துகினு கீறீங்க?" என்று கேட்டபடி எனக்கு ஒரு வாழைப்பழம் கொடுத்தார். அப்பா விஷயத்தைச் சொன்னார். பெரியப்பா அத்தையைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை.

"நான் அதுக்கு மரியாததாம்மா பண்ணேன்" என்றார். அந்தக் குரலில் அவர் பேசி நான் அதற்குமுன் கேட்டதில்லை.

சாவியை இடுப்பிலிருந்து எடுத்துப் பூட்டில் நுழைக்க அவருக்கு நேரம் பிடித்தது. "ஜல்தி அண்ணா, ஜல்தி" என்று அப்பா பின்னால் நின்று அவசரப்படுத்தினார். சுவிட்சைப் போட்டார்கள். பெட்டி உறுமியது. எங்கள் வீட்டில் அத்தனை பேரும் ஒரு சத்தத்துக்காக அப்படிக் காது கொடுத்து நின்றதே இல்லை. பெரியப்பா வழக்கம்போல நாற்காலியில் உட்கார்ந்தார். நாங்கள் பின்னால் நின்றோம். பாவு வாங்கிப்போக வந்த நெசவாளிகள் இரண்டு பேர் வாசலிலேயே நின்று எட்டிப் பார்த்தார்கள்.

ஒன்றும் வரவில்லை. பிறகு, முடி வளர்க்கிற தைலத்தைப் பற்றி ஒன்று வந்தது. லாட்டரியில் நமக்குப் பரிசு விழுந்திருக்கிறது என்று ஒன்று. மறுபடியும் ஒன்றும் இல்லை. சேலத்திலிருந்து ஜரிகைக்காரர் எழுதியது வந்தது. பெரியப்பா பழக்கதோஷத்தில் "டியர் சார், கமா" என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினார். மணி என்ன என்று அத்தை கேட்டாள். ஒன்பதரை என்றார் அப்பா. மதியத்துக்குள் பதில் போட வேண்டும்.

நான் வாழைப்பழத்தை உரித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் திரையில் இன்னொரு வரி வந்து மேலே உட்கார்ந்தது. நேற்று அனுப்பியது, விடாமல் தட்டித் தட்டி இன்றைக்கு வந்து சேர்ந்திருந்தது. அதில் அத்தையின் பெயர் இருந்தது.

பெரியப்பா அதைத் திறக்கக் கையைக் கொண்டுபோனார். கை பாதியில் நின்றது. எழுந்து நாற்காலியை விட்டு விலகி நின்றார். "வா, ஒனுக்குத்தான் வந்துகீது" என்றார்.

அத்தை உட்கார்ந்தாள். திறந்தாள். அவளுடைய உதடுகள் அசைவதை மட்டும் பார்த்தேன். ஒரு தடவை மேலிருந்து கீழே படித்தாள். மறுபடி மேலே போனாள்.

"இன்னா போட்டிருக்குது?" என்றாள் அம்மா.

"திங்கக்கிழம வந்து சேர சொல்லியிருக்காங்க அண்ணி" என்றாள் அத்தை. சொல்லிவிட்டு விறுவிறுவென்று எதையோ தட்டி அனுப்பினாள். போய்விட்டது என்று திரையில் வந்ததும், கீபோர்டைத் தள்ளிவிட்டு மேசையில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். முதலில் சிரிக்கிறாள் என்றுதான் நினைத்தேன். அப்புறம் தோள் குலுங்கியது. விம்மல் பெரிதாகி வெளியே கேட்டது. வாசலில் நின்ற நெசவாளிகள், "இன்னாச்சி, இன்னாச்சி" என்று ஒரு படி ஏறினார்கள்.

பெரியப்பா சட்டென்று எங்களுக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்துத் திரும்பினார். அங்கே தினசரி காலண்டர் தொங்கியது. வீட்டில் அந்தத் தாளைக் கிழிக்கிற உரிமை அவருக்கு மட்டும்தான். அவர் ஊரில் இல்லாததால் நேற்றைய தாளே இருந்தது. அதைப் பார்த்து, தெருமுனை வரை கேட்கிற செய்தி வாசிக்கிற குரலில், "இன்று அமாவாசை, முற்றுப்புள்ளி. நல்ல நேரம் காலை" என்று ஆரம்பித்தார். ராகு காலத்தைப் படித்தார். எமகண்டத்தைப் படித்தார். சூலம் எந்தத் திசை, அதற்குப் பரிகாரம் என்ன, ஒன்றையும் விடவில்லை. நெசவாளிகள் ஏறிய படியிலிருந்து இறங்கினார்கள். ஒருவர் மரியாதையாகத் தோள் துண்டைக்கூட எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. இவ்வளவு நல்ல மெயில் வந்திருக்கும்போது அதைப் படிக்காமல் முடிந்துபோன நாளின் ராகு காலத்தை யாராவது இத்தனை சத்தமாகப் படிப்பார்களா? "பெரியப்பா, அது நேத்து தாளு" என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மா தன் கையால் என் வாயைப் பொத்தினாள்.

பெரியப்பா ராசிபலனில் பன்னிரண்டாவது ராசி வரைக்கும் வந்துவிட்டார். தாளில் அதற்குமேல் எதுவும் இல்லை. அத்தை இன்னும் அழுது முடிக்கவில்லை. அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு மறுபடியும் மேலிருந்து ஆரம்பித்தார்.