‘ப்ரோன்’ ராஜமாணிக்கம்

சாப்பாட்டு மணி அடித்ததும் எல்லாரும் தூக்குச் சட்டியைத் தேடுவார்கள். வாட்ச்மேன் ராஜமாணிக்கம் ஆட்களைத் தேடுவார். கைத்தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, காக்களூர் போல்ட் கம்பெனியின் கொட்டகை நிழல்களில் படுத்திருப்பவர்களைப் பார்வையிடக் கிளம்பிவிடுவார். மல்லாந்து கிடப்பவனைத் தாண்டிப் போய்விடுவார். குப்புறக் கிடப்பவனின் உள்ளங்காலில் தடி விழும்.

“இன்னாடா, ப்ரோனா?”

பட்டாளத்தில் கற்ற சொல். துப்பாக்கியோடு மண்ணில் குப்புறப் படுப்பதற்கு அங்கே அதுதான் பெயர். கற்ற இங்கிலீஷில் மற்றதெல்லாம் மறந்துபோக, இது ஒன்று மட்டும் அவர் மண்டைக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. “மல்லாந்தவன் தூங்கறான். குப்புற கீறவன் குறி பாத்துக்கினு கீறான்” என்பார். வயிற்றுக்கடியில் பித்தளை நட்டுகளை மறைத்திருந்த ஒருவனைப் பிடித்த பிறகு அது வேதவாக்காகிவிட்டது. கேட்டருகே வயிற்றை மண்ணில் அழுத்திப் படுக்கும் நாயைக்கூட அவர் நம்பியதில்லை. “ஊட்டுல நான் எப்டி படுக்கணும்னுகூட இவரத்தான் கேக்கணும்” என்று அவர் மனைவி மேரி அலுத்துக்கொள்வாள்.

“ப்ரோன்ல இருந்தான் சார்” என்று மானேஜரிடம் அவர் ஒரு வார்த்தை போட்டால் போதும், தினக்கூலிக்காரனுக்கு மறுநாள் கேட் திறக்காது.

எழுபத்திரண்டு சித்திரையில் ஒரு நாள், சாக்குக் கிடங்கின் வாசலையொட்டி உள்ளே துலுக்காணம் குப்புறக் கிடந்தான். உலையில் பழுத்த போல்ட்டுகளை எண்ணெயில் முக்கும் தினக்கூலி. தடி விழுந்தும் கால் அசையவில்லை. ராஜமாணிக்கத்துக்குச் சந்தேகம் முற்றிவிட்டது.

“அடியில இன்னாடா வெச்சிக்கினு கீறே? திரும்பு.”

“முடியாதுண்ணா.”

அவரிடம் முடியாது என்று சொன்னவன் அதுவரை கிடையாது. மூஞ்சியைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று முழங்காலை மடக்கிக் குனிந்தார், தெரியவில்லை. கடைசியில் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி அவரே சிமெண்டுத் தரையில் குப்புறப் படுத்தார். துலுக்காணம் துண்டைக் கடித்துக்கொண்டிருந்தான். கண்ணிலிருந்து நீர் மூக்குவழி வடிந்தது.

“காலைல முதுவுல கொதிக்கிற எண்ணெ தெறிச்சிச்சி. சொல்லிடாதண்ணா. அடிபட்டவன நாளைக்கு உள்ள உட மாட்டாங்க. புள்ளைங்கோ பட்டினியா பூடும்.”

ராஜமாணிக்கம் தலையைத் தூக்கிப் பார்த்தார். சட்டை முதுகுத் தோலோடு ஒட்டிப்போயிருந்தது. ஆனாலும் பிறவிக் குணம் போகுமா? அவன் வயிற்றுக்கடியில் கையை விட்டு ஒருமுறை துழாவினார். தரைதான் இருந்தது.

வெளியே மானேஜரின் பூட்ஸ் சத்தம் நின்றது.

“யாருய்யா அங்க, ப்ரோனா?”

ராஜமாணிக்கம் எழுந்து வாசலை அடைத்து நின்றார்.

“துலுக்காணம் சார். மல்லாந்துதான் கீறான்.”

இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டி, பட்டாளத்து விறைப்போடு மானேஜரையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால், அவர் கையிலிருந்த காக்கித் தொப்பி துலுக்காணத்தின் முதுகுக்கு மெல்ல விசிறிக்கொண்டிருந்தது.